படியூர்க் கல்லும் ஜெர்மன் கண்ணாடியும்

மூக்குக் கண்ணாடிக்கு உலக மொழிகள் வைத்த பெயர்களைத் திரட்டிப் பார்த்தால், பெரும்பாலானவை கண்ணையே சுற்றி வருகின்றன. இத்தாலியர் அதை ‘ஒக்கியாலி’ என்றனர். ஒக்கியோ என்றால் கண். ரஷ்யரின் ‘அச்கி’யும் கண்ணுக்கான பழஞ்சொல்லில் இருந்து கிளைத்ததே. பாரசீகரின் ‘ஐனக்’கில் அரபியின் ‘ஐன்’ இருக்கிறது, அதுவும் கண்தான். இந்திக்காரர் சொல்லும் ‘சஷ்மா’வுக்குள் இருப்பது பாரசீகத்தின் ‘சஷ்ம்’. அதற்கும் பொருள் கண்ணே. பிரெஞ்சுக்காரர் அதன் வட்ட வடிவத்தைப் பார்த்துக் குட்டி நிலாக்கள் என்ற பொருளில் ‘லூனெத்’ என்றனர். ஸ்பானியர் காதில் மாட்டும் கொக்கியைப் பார்த்துக் ‘காஃபாஸ்’ என்றனர்.

ஜெர்மானியர் வைத்த பெயர் ‘பிரில்லெ’. அதில் கண்ணும் இல்லை, வட்டமும் இல்லை, கொக்கியும் இல்லை. அது ஒரு கல்லின் பெயர். டச்சுக்காரரின் ‘பிரில்’, டென்மார்க்கிலும் நார்வேயிலும் வழங்கும் ‘பிரில்லர்’, யூதர் பேசும் இத்திஷ் மொழியின் ‘பிரில்ன்’ எல்லாம் அதே கல்லின் பெயரைச் சுமப்பவை. அந்தக் கல் பெரில். அந்தப் பெயரின் வேரைத் தேடிப் போன சொல்லாய்வாளர்கள் கடைசியில் வந்து நிற்பது தென்னிந்தியாவில். இந்த வழியை அடியெடுத்துப் பின்தொடரத் தமிழ் வாசகனுக்கு இரட்டை உரிமை உண்டு. கல்லும் நம் மண்ணில் விளைந்தது. சொல்லும் நம் மொழிக் குடும்பத்தில் பிறந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஜெர்மன் மொழியில் கிடைக்கும் பழைய வடிவம் ‘பெரில்லெ’. இலத்தீனின் ‘பெரில்லுஸ்’ என்பதை அவர்கள் நாவுக்கேற்ப மாற்றிக்கொண்ட வடிவம் இது. பேச்சில் முதல் உயிர் தேய்ந்து ‘பிரில்லெ’ ஆயிற்று. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: பிரில்லெ என்பது தொடக்கத்தில் பன்மை. ஒரு வில்லை ஒரு பிரில். இரண்டு வில்லைகளைச் சேர்த்துக் கோத்தால் பிரில்லெ. பிறகு அந்தப் பன்மையே ஒருமையாகிப் பெண்பால் பெயராக நிலைத்துவிட்டது. இரண்டு தனித்தனிக் கற்களாக இருந்தது ஒரு கருவியாக மாறிய கதை முழுவதும் அந்த இலக்கண மாற்றத்திலேயே பதிவாகி இருக்கிறது. பிரெஞ்சிலும் இதே கல்லின் பெயரால் பழைய வழக்கு ஒன்று உண்டு. பெரில் என்பதிலிருந்து வந்த ‘பெரிக்ல்’ பின்னாளில் ‘பெசிக்ல்’ என்றாகிப் பல நூற்றாண்டுகள் புழங்கியது. இன்று அதைப் பழைய காலத்துக் கண்ணாடிக்கும் வேடிக்கைப் பேச்சுக்கும் மட்டுமே எடுக்கிறார்கள். லூனெத் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஏன் கல்? கண்ணாடி இல்லையா அவர்களிடம்? இருந்தது. ஆனால் இடைக்கால ஐரோப்பாவின் சாதாரணக் கண்ணாடியில் காற்றுக்குமிழிகள் சிக்கியிருக்கும். மணலில் கலந்த இரும்பால் பச்சை படர்ந்திருக்கும். அதன் வழியே எழுத்தைப் பார்ப்பது எளிதல்ல. தெளிந்த கல்லோ அப்படியில்லை. தேவாலயங்களில் புனிதர்களின் எலும்பையும் துணியையும் வைக்கும் பேழைகளுக்குக் குமிழ் வடிவில் தேய்த்த படிகத்தை மூடியாகப் பதிப்பார்கள். உள்ளே இருப்பது பெரிதாகத் தெரியும். அதையே ஏட்டின் மேல் வைத்தால் எழுத்து பெரிதாகத் தெரியும். துறவு மடங்களில் முதிய துறவிகள் கையில் இருந்த ‘படிக்கும் கல்’ இதுதான். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. 13ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் கவிதைகளில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கல் என்று பெரில் பேசப்படுகிறது. அப்போது மூக்கில் மாட்டும் கருவி பிறக்கவே இல்லை. பெயர் முன்னே வந்து காத்திருந்தது.

இந்த ஒளியியலின் அறிவு ஒரே இடத்தில் ஊறியதல்ல. தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைக்குப் பின்னால் சிறிய எழுத்து பெரிதாகவும் தெளிவாகவும் தெரிவதை ரோமானியச் சிந்தனையாளர் செனெக்கா முதல் நூற்றாண்டிலேயே குறித்திருக்கிறார். ஆனால் அவர் அதை வளைவின் விளைவு என்று காணாமல் நீரின் குணம் என்றே எண்ணினார். ஒளி கண்ணுக்குள் வருவதால்தான் பார்வை நிகழ்கிறது என்று நிறுவியவர் பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைத்தம். அவருடைய ஒளியியல் நூல் இலத்தீனுக்குப் போன பிறகுதான் ஐரோப்பாவில் இந்தப் பேச்சு சூடு பிடித்தது. 1267 வாக்கில் ஆங்கிலத் துறவி ரோஜர் பேக்கன், கண்ணாடி அல்லது படிகக் கோளத்தின் ஒரு துண்டை எழுத்தின் மேல் வைத்தால் முதியவர்களுக்கும் பார்வை குன்றியவர்களுக்கும் பயன்படும் என்று எழுதினார். அவரும் கல்லை ஏட்டின் மேல்தான் வைத்தார். அதைத் தூக்கிக் கண்ணுக்கு முன்னால் கொண்டுபோகும் எண்ணம் இன்னும் வரவில்லை.

அதைச் செய்தவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. செய்த இடமும் காலமும் கிடைக்கின்றன. 1306 பிப்ரவரி 23 அன்று ஃபிளாரன்ஸ் நகரத்தில் ஜோர்தானோ என்ற துறவி பிரசங்கம் செய்தபோது, மூக்குக் கண்ணாடி செய்யும் கலை தோன்றி இருபது ஆண்டுகூட ஆகவில்லை என்றும், அதை முதலில் செய்தவரைத் தானே கண்டு பேசியிருப்பதாகவும் சொன்னார். ஆகவே 1286ஐ ஒட்டி அது பிறந்தது என்று கணக்கிடுகிறார்கள். அதே காலத்தில் பீசா நகரத்து மடத்தில் அலெசாந்த்ரோ தெல்லா ஸ்பினா என்றொரு துறவி இருந்தார். 1313இல் இறந்த அவரைப் பற்றி மடத்தின் நாட்குறிப்பு ஒரு செய்தி சொல்கிறது. முதலில் கண்ணாடி செய்தவர் அந்த நுட்பத்தை யாருக்கும் சொல்லித்தர மனமில்லாமல் இருந்தாராம். ஸ்பினா பார்த்த அளவிலேயே தானும் செய்து, எல்லாருக்கும் மகிழ்ச்சியோடு கற்றுக்கொடுத்தாராம். வித்தையை மறைத்தவர் பெயர் அழிந்து, பகிர்ந்தவர் பெயர் நின்றிருக்கிறது. பிற்காலத்தில் ஃபிளாரன்ஸ்காரர் ஒருவர் தம் ஊருக்குப் பெருமை சேர்க்கச் சல்வீனோ தெல்யி அர்மாத்தி என்ற கண்டுபிடிப்பாளரையே கல்லறை வாசகத்தோடு உருவாக்கினார். 1684இல் கிளம்பிய அந்தக் கட்டுக்கதையை 20ஆம் நூற்றாண்டின் ஆய்வாளர்கள்தான் உடைத்தார்கள்.

கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடந்த போட்டி வெனிஸ் நகரத்துச் சட்டங்களில் தெளிவாகத் தெரிகிறது. படிக வேலை செய்வோரின் சங்கம் 1300இல் போட்ட விதி, கண்ணாடியில் செய்ததைப் படிகம் என்று சொல்லி விற்பதைத் தடுத்தது. விதியில் வரும் பொருள்களில் கண்ணுக்கான வட்டுகளும் உண்டு, படிக்கும் கற்களும் உண்டு. தடை போட வேண்டிய அளவுக்கு ஏமாற்று நடந்திருக்கிறது என்றால், முரானோ உலைகளில் வந்த கண்ணாடி அதற்குள் படிகத்தைப் போலவே தெளிந்துவிட்டது என்று பொருள். அடுத்த ஆண்டிலேயே படிப்பதற்கான கண்ணாடி வில்லைகளை, கண்ணாடி என்று சொல்லி விற்றால் போதும் என்று அனுமதித்தார்கள். கண்ணாடி மலிவு, கல் அரிது. கல் தோற்றது. ஆனால் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே கல்லின் பெயர் தோற்கவில்லை. பொருளே மாறிய பிறகும் ஜெர்மானியர் அதைப் பெரில் என்றே அழைத்தனர்.

உண்மையில் அவர்கள் பெரில் என்றதெல்லாம் பெரிலும் அல்ல. நிறமற்ற தெளிந்த கல் எதற்கும் அந்தப் பெயர் சென்றது. பெரும்பாலும் அது பளிங்குப் படிகமாகவே இருந்தது. ஒளியை வளைக்கும் ஆற்றலில் பெரில் ஏறத்தாழ 1.58, படிகம் 1.55, சாதாரணக் கண்ணாடி 1.52. கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு அதிகமில்லை. இந்தக் குழப்பம் ஐரோப்பியர் கண்டுபிடித்ததுமல்ல. கி.பி. 79இல் இறந்த பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில், இந்தியர்கள் படிகத்துக்குச் சாயமேற்றிப் பெரில் என்று செய்யும் வித்தை அறிந்தவர்கள் என்று எழுதிவிட்டார்.

ஜெர்மன் நாட்டின் வடக்கே செல்லே நகரத்துக்கு அருகில் வீன்ஹாவுசன் என்ற கன்னியர் மடம் இருக்கிறது. 1953இல் அங்கே கன்னியர் அமர்ந்து பாடும் மண்டபத்தின் தரைப்பலகைகளைப் பெயர்த்தபோது, இடுக்குகளில் விழுந்து கிடந்த சிறு பொருள்களோடு மூக்குக் கண்ணாடிகளும் கிடைத்தன. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கைப்பிடியோடு கூடிய இரண்டு மர வளையங்கள், பிடிகள் சேரும் இடத்தில் ஓர் ஆணி. காதில் மாட்ட ஒன்றும் கிடையாது. மூக்கின் மேல் கவ்வ வைத்துக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கன்னியர் அதைப் பிரில்லெ என்று சொன்னபோது இரண்டு பெரில்கள் என்ற பன்மைப் பொருள் அவர்கள் காதில் இன்னும் ஒலித்திருக்கும். தரைக்கடியில் இருந்து வந்த அந்த ஆணிக் கண்ணாடிகள் இன்று கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையவை.

1458இல் நிக்கோலாஸ் கூசானுஸ் என்ற ஜெர்மன் கர்தினால் இறையியல் நூல் ஒன்று எழுதினார். மோசல் ஆற்றங்கரையில் கூஸ் என்ற ஊரில் பிறந்தவர். நூலின் பெயர் ‘பெரில் பற்றி’. குழிந்த வடிவமும் குவிந்த வடிவமும் கொடுக்கத்தக்க தெளிந்த வெண்கல் அது. அதன் வழியே நோக்குபவன் முன்பு காணாததைக் காண்பான். அதுபோல அறிவுக் கண்ணுக்கும் ஒரு பெரில் வேண்டும் என்பது அவர் வாதம். இலத்தீனில் எழுதினாலும் அவர் வீட்டு மொழியில் அந்தச் சொல் கண்ணாடியைக் குறித்துக்கொண்டிருந்தது. நூலின் தலைப்பைக் கேட்ட ஜெர்மானியர் மனத்தில் கல்லும் கருவியும் சேர்ந்தே எழுந்திருக்கும். ஒரு தத்துவ நூல் மூக்குக் கண்ணாடியின் பெயரைத் தலையில் தாங்கி நிற்பதை வேறு எந்த மொழியிலும் நான் கண்டதில்லை. குழிவில்லை பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்றாகவும் அது அமைந்தது. நான்கு ஆண்டுகளில், 1462இல், மிலான் கோமகன் ஃபிளாரன்ஸுக்கு மூன்று டஜன் கண்ணாடிக்கு ஆள் அனுப்பியபோது, அதில் தூரப் பார்வைக்கு ஒரு டஜன், கிட்டப் பார்வைக்கு ஒரு டஜன் என்று பிரித்துக் கேட்கிறார்.

பிறகு வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். அச்சு வந்ததும் படிப்போர் பெருகினர். நியூரம்பர்க் கைவினைஞர்கள் கம்பியை வளைத்து மலிவான பிரில்லெகளைக் குவித்தனர். குவிந்த வில்லை ஏன் முதியவருக்கு உதவுகிறது, குழிந்தது ஏன் கிட்டப்பார்வைக்காரருக்கு உதவுகிறது என்று 1604இல் கெப்ளர் விளக்கும்வரை, மூன்று நூற்றாண்டுகள் காரணம் தெரியாமலே கண்ணாடி வேலை செய்தது. காதோரம் நீளும் கைகள் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டனில் வந்தன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இரட்டை வில்லை அணிந்தார். 1825இல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி தம் சொந்தக் கண்ணின் பார்வைச் சிதறல் குறைக்காக உருளை வில்லை தேய்க்கச் செய்தார்.

இனிப் பெயரைப் பின்னோக்கித் தேடுவோம். இலத்தீனின் பெரில்லுஸ் கிரேக்கத்தின் ‘பேருல்லோஸ்’ என்பதிலிருந்து வந்தது. கிரேக்கத்துக்குள் அதற்கு வேர் இல்லை. வணிகத்தோடு வந்த சொல். வந்த வழி பிராகிருதம். பாலியில் இந்தக் கல்லுக்கு ‘வேளுரிய’ என்று பெயர். பிராகிருதத்தில் ‘வேருலிய’ என்றும் வழங்கியது. விசிறியைச் சிவிறி என்றும் தசையைச் சதை என்றும் எழுத்து இடம்மாற்றிச் சொல்லும் நமக்கு இந்த மாற்றம் புதிதல்ல. ளகரமும் ரகரமும் இடம் மாறியிருக்கின்றன. கிரேக்கச் சொல்லில் ரகரம் முன்னும் லகரம் பின்னும் நிற்பதால், யவனர் காதில் விழுந்தது வேருலிய என்ற வடிவமே என்பது உறுதிப்படுகிறது. பண்டிதர் நூலில் உள்ள வடமொழிச் சொல்லை அவர்கள் எடுக்கவில்லை. துறைமுகத்தில் மக்கள் பேசிய சொல்லை எடுத்தார்கள்.

வடமொழியில் அது ‘வைடூர்ய’. பாணினி இதற்கெனத் தனிச் சூத்திரமே எழுதியிருக்கிறார்: விதூரம் என்ற இடத்திலிருந்து வருவதால் அந்தப் பெயர். உரையெழுதிய பதஞ்சலிக்கு இது பொருந்தவில்லை. அந்தக் கல் விதூரத்தில் பிறப்பதில்லையே, வாலவாயம் என்ற மலையில் பிறந்து விதூரத்தில் அல்லவா பட்டை தீட்டப்படுகிறது என்று அவர் கேள்வி எழுப்பி, பிறகு அதற்குச் சமாதானமும் தேடுகிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சொல்லின் பிறப்பைப் பற்றி இப்படி வாதாடியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தரும் செய்தி. வாதத்துக்குக் காரணமும் விளங்குகிறது. வெளியிலிருந்து வந்த சொல்லை உள்ளூர் வேருக்குள் பொருத்த முயலும்போது இப்படித்தான் இடறும். வேளுரிய என்ற மக்கள் வழக்கையே வைடூர்ய என்று செம்மையாக்கியிருக்கிறார்கள் என்பதும், அதற்கடியில் இருப்பது திராவிடச் சொல் என்பதும் இன்று பல சொற்பிறப்பு அகராதிகள் ஏற்கும் கருத்து.

அந்தத் திராவிடச் சொல் எது என்பதில் இரு கட்சி உண்டு. வேளூர் என்ற ஊர்ப்பெயரே கல்லின் பெயராயிற்று என்பது ஒன்று. கர்நாடகத்தின் பேலூரை அதற்கு எடுத்துக்காட்டுவார்கள். ஒலி ஒத்துப்போகிறது என்பதைத் தவிர இதற்கு வலுவான சான்றை நான் காணவில்லை. வேலூரும் வேளூரும் தென்னாட்டில் எங்கும் இருக்கின்றன. நிறத்திலிருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி. வெள், வெளிறு, விளர் என்ற சொற்கூட்டம் நிறம் மங்கி வெளுப்பதைக் குறிக்கும். பெரில் ஆழ்ந்த நிறக் கல் அல்ல. கடல்நீரின் வெளிறிய பச்சை, வெளிறிய நீலம், சில சமயம் நிறமே இல்லாத தெளிவு. ஆழ்ந்த பச்சை ஏறினால் அதற்கு மரகதம் என்று வேறு பெயரே வந்துவிடும். கல்லை நிறத்தால் பெயரிடுவது மணி வணிகத்தில் இயல்பு. எனக்கு இரண்டாவது கட்சியே நெருக்கமாகப் படுகிறது.

சொல்லை விட்டுக் கல்லைத் தேடினால் ஐயத்துக்கு இடமில்லை. இந்தக் கல் வேறெங்கும் அரிதாகவே கிடைக்கும், இந்தியாதான் அதன் பிறப்பிடம் என்று பிளினி எழுதுகிறார். கைவினைஞர்கள் ஆறு பட்டையாக அதைத் தீட்டுவதையும், நீளமான கற்களை இந்தியர் விரும்புவதையும் குறிக்கிறார். இயற்கையிலேயே பெரில் ஆறுமுகத் தூணாக விளையும் கல். தாலமி தம் புவியியலில் புன்னாட்டா என்ற இடத்தைப் பெரில் கிடைக்கும் ஊர் என்கிறார். மைசூர்ப் பக்கத்துப் புன்னாடு அது. அதற்குக் கிழக்கே கொங்கு நாட்டில் காங்கேயத்துக்கு அருகில் படியூர். நீலமும் பச்சையும் கலந்த பெரில் விளைந்த இடம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஓர் ஆங்கிலேயர் அங்கே சுரங்கம் வைத்துக் கல் எடுத்திருக்கிறார். நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் நடத்திய அகழாய்வில் பெரிலும் படிகமும் சூதுபவளமும் பல நிலைகளில் கிடைத்தன. உடைத்த கல், பாதி தீட்டிய மணி, துளையிடும்போது உடைந்த மணி என்று ஒரு பட்டறையின் முழு வேலையும் மண்ணுக்குள் இருந்தது. பதிற்றுப்பத்து புகழும் கொடுமணம் இதுவே. அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே போனால் முசிறி. முசிறியில் யவனக் கலம். கோவை வட்டாரத்தில் குடம் குடமாகக் கிடைத்த ரோமானியக் காசுகள் அந்த வணிகத்தின் மறுபக்கம்.

கல் மேற்கே மட்டும் போகவில்லை. பௌத்தத்தோடு கிழக்கே போன வேளுரியம் சீனத்தில் ‘பிலியூலி’ ஆகி, தலை தேய்ந்து ‘லியூலி’ ஆயிற்று. அங்கே அது முதலில் நீலமணியைக் குறித்து, பிறகு நிறக் கண்ணாடியையும் பளபளக்கும் மெருகோட்டையும் குறிக்கத் தொடங்கியது. பெய்ஜிங்கின் புகழ்பெற்ற பழம்புத்தகத் தெருவான லியூலிசாங், ஒரு காலத்தில் மெருகோடு செய்த உலைக்களம். ஜப்பானியர் அதை ‘ருரி’ என்றனர். நாரா நகரத்து யாகுஷிஜி ஆலயத்தில் வீற்றிருக்கும் மருத்துவப் புத்தரின் முழுப்பெயரில் வேளுரிய ஒளி என்ற பொருளில் ருரி இருக்கிறது. திபெத்தில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரிய மருத்துவ உரைநூலுக்கு நீல வைடூரியம் என்றே பெயர். அரபியிலும் பாரசீகத்திலும் படிகத்தைக் குறிக்கும் ‘பில்லௌர்’ இதே சொல்லின் மற்றொரு உருவம் என்பர் அறிஞர். ஆக, கிழக்கே கண்ணாடி, நடுவே படிகம், மேற்கே மூக்குக் கண்ணாடி. போன இடமெல்லாம் இந்தச் சொல், ஒளி ஊடுருவும் பொருள் என்ற குணத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது.

பிறந்த வீட்டில்தான் நிலைமை வேறு. இன்று தமிழ்நாட்டு நகைக்கடையில் வைடூரியம் என்று கேட்டால் பூனையின் கண்ணைப் போல் நடுவே ஒளிக்கோடு ஓடும் கல்லை எடுத்து வைப்பார்கள். அது பெரில் அல்ல. கிரிசோபெரில் என்ற வேறொரு கனிமம். நவமணிப் பட்டியலில் கேதுவுக்கு உரியதாக அதுவே நிலைத்துவிட்டது. தமிழ் விவிலியத்திலும் இந்த இடமாற்றம் தெரிகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் புதிய எருசலேமுக்கு அடித்தளமாகும் பன்னிரண்டு கற்களில் எட்டாவது, கிரேக்க மூலத்தில் பேருல்லோஸ். தமிழில் அந்த இடத்தில் படிகப்பச்சை என்று இருக்கிறது. வைடூரியம் என்ற சொல் இரண்டு இடம் தள்ளிப் பத்தாவது கல்லுக்குப் போயிருக்கிறது. பேருல்லோஸுக்குள் உறங்குவது வைடூரியமே என்று தெரியாத காலத்தில் செய்த மொழிபெயர்ப்பு அது. குறைசொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கல்லின் தமிழ்நாட்டு நினைவு அதற்குள் அழிந்திருந்தது என்பதற்கு அது சாட்சி.

அந்தக் கல்லின் பெயர் மேற்கே கண்ணாடியாகிக்கொண்டிருந்தபோது தமிழ் என்ன செய்தது? கண்ணாடி என்ற நம் சொல்லுக்கு முதற்பொருள் முகம் பார்க்கும் ஆடி. உலோகத்தை மெருகேற்றிச் செய்தது. ஆண்டாள் அதைத் தட்டொளி என்றாள். ஆறன்முளக் கண்ணாடி இன்றும் செம்பும் வெள்ளீயமும் உருக்கி வார்ப்பதே. அதில் கண்ணாடி ஒரு துளியும் கிடையாது. ஆடியைக் குறித்த சொல் பிறகு ஆடி செய்யப் பயன்பட்ட பொருளுக்கு ஆகி, அந்தப் பொருளால் ஆன வில்லை வந்தபோது அதற்கும் ஆயிற்று. மூன்றையும் ஒரே சொல் சுமப்பதால் மூக்கு என்ற அடை வேண்டியிருந்தது. தெலுங்கரின் ‘கள்ளத்தாலு’ கண்களும் ஆடிகளும் சேர்ந்தது. மலையாளம் ஆடியைக் கண்ணாடி என்றும் மூக்கில் மாட்டுவதைக் ‘கண்ணட’ என்றும் பிரித்துக்கொண்டது. கன்னடத்தில் ‘கன்னடி’, ‘கன்னடக’. சீனரின் ‘யென்ஜிங்’, மலாய்க்காரரின் ‘செர்மின் மாத்தா’ இரண்டும் கண்ணும் ஆடியும் சேர்ந்தவையே. பேச்சில் நாம் மூக்கைக்கூட விட்டுவிட்டோம். கண்ணாடி பார்த்தாள் என்றால் ஆடி. கண்ணாடி போட்டாள் என்றால் மூக்குக் கண்ணாடி. வினைச்சொல்லே வேறுபாட்டைச் சுமக்கிறது.

மூக்குக் கண்ணாடி இந்தியாவிலேயே பிறந்தது என்று வாதிட்டவர்களும் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விஜயநகரத்தில் வாழ்ந்த மத்வ குரு வியாசதீர்த்தர் கண்ணாடி அணிந்து படித்ததை அவர் வரலாற்றைப் பாடிய கவிஞர் குறிப்பிடுகிறார். இந்தியாவில் கண்ணாடிக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளில் அது முதன்மையானது. ஆனால் அது போர்த்துகீசியர் கோவாவில் காலூன்றிய பிறகான காலம். அந்தச் சான்றை வைத்து முன்னுரிமை கோருவது வரலாற்றுக்குச் செய்யும் நியாயமல்ல. கருவி இத்தாலியில் பிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. நம்மிடமிருந்து போனவை கல்லும் அதன் பெயரும். அவை உண்மையானவை, அவற்றோடு பொய்யைச் சேர்த்துக்கட்ட வேண்டிய தேவையே இல்லை.

பெயரின் பயணம் கண்ணாடியோடு நிற்கவும் இல்லை. படத்தில் இரட்டை வட்டம் கொண்ட நம் நாகத்தைப் பார்த்த ஜெர்மானியர் அதற்குக் கண்ணாடிப் பாம்பு என்ற பொருளில் ‘பிரில்லன்ஷ்லாங்கெ’ என்று பெயரிட்டனர். தென்னாட்டுக் கல்லின் பெயர் ஜெர்மனி வரை போய்த் தென்னாட்டுப் பாம்பின் மேல் வந்து அமர்ந்தது. ஒளிர்வதைக் குறிக்கும் ‘பிரில்லியன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இத்தாலிய, பிரெஞ்சு வழியாகப் பெரிலைத் தொட்டிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. 1798இல் பாரிசில் வொக்லான் என்ற வேதியியலாளர் பெரிலையும் மரகதத்தையும் பகுத்துப் பார்த்து இரண்டிலும் ஒரே புதிய தனிமம் இருப்பதைக் கண்டார். அதன் உப்பு இனித்ததால் இனிப்புப் பெயர் ஒன்று சில காலம் வழங்கியது. கடைசியில் பெரிலியம் என்ற பெயரே நிலைத்தது. எடை குறைந்தது, விறைப்பானது, கடுங்குளிரிலும் வடிவம் மாறாதது. 2021 டிசம்பர் 25 அன்று விண்ணுக்குப் போன ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 6.5 மீட்டர் ஆடி, 18 அறுகோணத் தகடுகளால் ஆனது. அத்தனையும் பெரிலியம்.

மேற்கே கருவிக்குக் கல்லின் பெயர் வந்ததைப் பார்த்தோம். அந்தக் கருவி தீர்க்கும் குறைக்குத் தமிழில் இரண்டு பெயர் உண்டு. முதல் கண்ணாடி செய்தவர்கள் தேய்த்த குவிவில்லை நாற்பது வயதைத் தாண்டியோருக்கானது. அந்த வயதில் வரும் கிட்டத்துப் பார்வைக் குறைவை நம் பெரியவர்கள் சாளேசரம் என்பார்கள். சாளேஸ்வரம் என்று தலத்தின் பெயர் போல நீட்டிச் சொல்வோரும் உண்டு. உள்ளே இருப்பது நாற்பது என்ற எண்தான். மராட்டியில் ‘சாளிஷி’ என்றால் நாற்பது வயது, அந்த வயதில் வரும் பார்வைக் குறை, அதற்குப் போடும் கண்ணாடி மூன்றும். தெலுங்கர் ‘சத்வாரம்’ என்பதிலும் வடமொழியின் நாற்பது இருக்கிறது. தஞ்சையை 1676 முதல் மராட்டியர் ஆண்டார்கள். கண்நோயாளிகளின் நிலையைப் படங்களோடு எழுதி வைக்கச் செய்த சரபோஜி மன்னர் அந்த மரபினர். அந்தக் குறிப்புகள் சரசுவதி மகாலில் இருக்கின்றன. சொல் தமிழுக்குள் புகுந்த வாசல்களில் தஞ்சையும் ஒன்றாக இருந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு.

மற்றொரு பெயர் முழுத் தமிழ்: வெள்ளெழுத்து. ஏட்டில் கறுப்பாக இருக்க வேண்டிய எழுத்து கண்ணுக்கு மங்கி வெளுத்துத் தெரிவதால் அந்தப் பெயர். நோயாளி கண்டதை அப்படியே சொன்ன பெயர் இது; கிரேக்கத்தைக் கடன்வாங்கி முதியோர் கண் என்று மருத்துவர்கள் வைத்ததைவிட எனக்கு இதுவே உயர்ந்ததாகப் படுகிறது. இதில் இருக்கும் வெள் என்ற வேரும், வேளுரியத்துக்கு அடியில் இருப்பதாகச் சொல்லப்படும் வெளிறு என்பதன் வேரும் ஒன்றே. இதற்கு எதிராக ஒரு தடை சொல்வார்கள்: வெள் குறில், வேளுரிய நெடில். ஆனால் பாலியும் பிராகிருதமும் எகர ஏகார வேறுபாட்டை எழுத்தில் காட்டுவதில்லை. அந்த மொழிகளுக்குள் போன எந்தத் திராவிட எகரமும் ஏகாரமாகவே வெளியே வரும். ளகரம் மட்டும் இரண்டு பக்கமும் ளகரமாகவே நிற்கிறது.